தாம்பரத்தில் தொலைந்த அரை டிகிரி

செயற்கைக்கோளுக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் தாம்பரத்துக்குப் போனேன். மீனம்பாக்கத்தில் ஏறிய டாக்ஸியின் ஓட்டுநர் என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று கேட்டபோது இதையே சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "தாம்பரத்துல நல்ல டாக்டருங்க இருக்காங்க மேடம், கவலைப்படாதீங்க" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. என் வேலையை என் அம்மாவுக்கே பல வருடங்களாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் ஒரு செயற்கைக்கோளில் அகச்சிவப்புக் கண் ஒன்று இருக்கிறது. கீழே தரை, கூரை, ஏரி எதுவானாலும் அதிலிருந்து வரும் வெப்பக் கதிரை அளந்து, இது இத்தனை டிகிரி என்று சொல்லும். பூமி எவ்வளவு சூடாகிறது என்று உலகம் சண்டை போடுவதே இந்த எண்களை வைத்துத்தான். ஆனால் அந்தக் கண் சரியாகப் பார்க்கிறதா? ஏவியபின் மேலே ஏறிப் போய்ச் சோதிக்க ஆள் கிடையாது. அதனால் அது தலைக்கு மேல் கடக்கும் அதே நிமிடத்தில் கீழே ஒரு ஏரியின் நடுவே நின்று, தண்ணீரின் வெப்பத்தை நாங்களும் அளப்போம். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் கண் சரி. ஒத்துப்போகாவிட்டால் ஆராய்ச்சிக் கட்டுரை.

எனக்குக் கட்டுரை கிடைத்திருந்தது. நான் வேலை பார்ப்பது டென்மார்க்கில், ஓர் ஆய்வகத்தில். ஐரோப்பிய ஏரிகளில் நான்கு கோடைகள் அளந்து, அந்தக் கண் அரை டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, அதன் எல்லா எண்களிலிருந்தும் அரை டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன். அரை டிகிரி என்றால் காய்ச்சலில்கூடச் சேர்த்தி இல்லை என்பீர்கள். பூமி அரை டிகிரி சூடாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஆகவே பலர் சந்தோஷமாகக் கழித்துக்கொண்டார்கள். கருவியைச் செய்த குழுவினர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையிலேயே வெயில் அடிக்கும் ஓர் ஊரில் அளந்து காட்டுங்கள் என்று சவால் விட்டார்கள். எங்கள் பேராசிரியர் உலக வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ அந்த ஊர்தானே?" என்றார்.

நான் கோவில்பட்டி. டென்மார்க்கிலிருந்து பார்த்தால் கோவில்பட்டியும் தாம்பரமும் ஒரே புள்ளி. இங்கிருந்து பார்த்தால் நடுவில் ஓர் இரவு ரயில் பயணம் இருக்கிறது. சென்னை எனக்கு எப்போதும் வெளிநாடுதான். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஒரே வெளிநாடு.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். காலனி முழுக்க 'வத்சலா மிஸ்' என்றுதான் அழைப்பார்கள். அவருடைய கணவர் உட்பட. முதல் நாள் காலையில் வெந்தயக்குழம்பும் சுட்ட அப்பளமும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"வெயில் அடிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுக்கு டென்மார்க்லேர்ந்து ஆள் வரணுமா? பன்னெண்டு மணிக்கு என் மொட்டை மாடியில செருப்பு இல்லாம நின்னு பாருங்களேன்."

"அது எவ்வளவுன்னு சரியாத் தெரியணும் மிஸ்."

"தெரிஞ்சா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஆய்வகத்தில் நாற்பது பக்க அறிக்கை இருக்கிறது. எனக்கு அப்பளம்தான் கைக்கு அகப்பட்டது.

மதியத்துக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி அறிவிப்பு வந்துவிட்டது. மாலையில் லிஃப்டில் ஒருவர் இந்த வருடம் மழை எப்படி என்று கேட்டார். இன்னொருவர் ஐந்நூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். முதல் மாடிக்காரர் தனியாக அழைத்துப் போய், பக்கத்து பிளாக்காரர் தன் கார் நிறுத்தும் இடத்தில் அரை அடி நுழைந்திருப்பது மேலிருந்து தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றதும் அவருக்கு விண்வெளி ஆராய்ச்சியின் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

இரண்டாம் நாள் ஏரியைத் தேடிப் போனது. ஏரி மாடம்பாக்கத்தில் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அது யாருடையது என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில் கரை எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் தண்ணீர் மட்டும்தான் எங்களுடையது, அதன் மேல் மிதப்பதற்கு அனுமதி தரும் பிரிவு இங்கே இல்லை என்றார்கள். அந்த அலுவலகங்களின் பெயர்கள் வேண்டாம். டென்மார்க்கிலும் அவை வேறு பெயர்களில் இருக்கின்றன. அங்கே உட்கார வைத்துக் காபி தருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் ஏரிக்கரையில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர்தான் வழி சொன்னார். "எல்லப்பன்கிட்ட சொல்லிடுங்க மேடம். அவர்தான் இதுல மீன் பிடிக்கிறாரு. அவருக்கு ஓகேன்னா எல்லாருக்கும் ஓகே."

எல்லப்பனுக்கு ஓகே. "படகு கீதா?" என்று அவர் பேச்சிலேயே கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு, ஒரு தெப்பத்தைக் காட்டினார். தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டியது. தமிழ்நாட்டில் ஏரியையும் தெர்மாகோலையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பல நாடுகள் சேர்ந்து செய்து மேலே அனுப்பிய ஒரு கண்ணை நான் அதன் மேல் உட்கார்ந்துதான் சோதித்தேன் என்பதை மறைக்க முடியாது.

மூன்றாம் நாள்தான் விபத்து. அதற்கு முன்னால் என் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கையில் இருந்த, வெப்பக் கதிரை அளக்கும் கதிர்மானி ஏரியைப் பார்த்துச் சொல்லும் எண் சரியா என்று தெரிய அதற்கும் ஒரு சோதனை வேண்டும். அதற்காகக் குக்கர் அளவில் ஒரு பெட்டி. உள்ளே கதிர்மானி பார்ப்பதற்காகக் கறுப்புப் பூசிய கூம்பு. அதைச் சுற்றிப் பம்பு ஒன்று தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீருக்குள் ஒரு வெப்பமானி. வெப்பமானி என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு கதிர்மானியைத் திருத்துவோம். இதற்குப் பாடப்புத்தகப் பெயர் கரும்பொருள்.

தெப்பத்தில் இதை நிறுத்த ஒரு தாங்கி செய்ய ஊரப்பாக்கத்தில் ஒரு பட்டறைக்குப் பெட்டியோடு போயிருந்தேன். திரும்பும்போது மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி. ஹேர்கிளிப் விற்கும் பெண் என் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா விக்கிற?" என்று தொழில்முறையாகக் கேட்டார்.

"விக்கல. இது கரும்பொருள்."

எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்மணி தன் குழந்தையைச் சட்டென்று அந்தப் பக்கம் தள்ளி உட்கார வைத்துக்கொண்டார். "ஏவலா, எடுக்கறதா?" என்று தணிந்த குரலில் கேட்டார். வண்டலூர் தாண்டும்வரை விளக்கினேன். பெருங்களத்தூரில் அவர் தம் மாமியார் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

தாம்பரம் கிழக்கில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். ஓட்டுநருக்குப் பக்கத்தில் என் பெட்டி. கேம்ப் ரோடு தாண்டி ஒரு பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஏறியது. பெட்டி மட்டும் ஏறவில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டு, இறங்கி ஓடி, அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். "ஒண்ணும் ஆவல மேடம், மேலதான் லேசா நசுங்கிக்கீது" என்றார். வீட்டுக்கு வந்து இயக்கிப் பார்த்தேன். பம்பு ஓடவில்லை. செயற்கைக்கோள் நாளை மறுநாள் காலை பத்தரைக்குத் தாம்பரத்தைக் கடக்கிறது. அதை எங்கேயும் இறக்கிவிட்டுக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

வத்சலா மிஸ் அசரவில்லை. "நம்ம நசீர் பாய்கிட்ட கொண்டு போங்க. என் ஏசி, என் ஃப்ரிட்ஜ், எங்க வீட்டுக்காரரோட ஹியரிங் எய்டு எல்லாம் அவர்தான்."

நசீர் பாய் கடை கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து நடக்கும் தூரம். வாசலில் வயிறு திறந்த மூன்று ஏசிகள், உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய மனிதர். கரும்பொருள் என்று நான் சொல்லவில்லை, கற்றுக்கொண்டிருந்தேன். "தண்ணிய ஒரே டிகிரில வெச்சிருக்கிற பெட்டி" என்றேன்.

"சில்லர்" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில், "பம்ப் போகல மேடம். டியூப் கழண்டு உள்ள காத்து பூந்துடுச்சு" என்று சொல்லி, டியூபை மாட்டிக் காற்றை எடுத்துவிட்டார். இந்தப் பம்பைக் கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று அதன் மேல் ஆறு மொழிகளில் எழுதியிருந்தது. பாய்க்குத் தெரிந்த மொழி அதில் எதுவுமில்லை, நல்லவேளை. இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நானும் வரட்டா?" என்றார். "சேட்டிலைட்டுக்கு சர்வீஸ் பண்ணி நான் பாத்ததில்ல."

ஐந்தாம் நாள் காலை தெப்பத்தில் மூன்று பேர்: துடுப்போடு எல்லப்பன், பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு நசீர் பாய், குடைக்குள் நான். டென்மார்க்கில் இருபத்தேழு டிகிரி வந்தாலே முதியவர்கள் வெளியே வர வேண்டாம் என்று வானொலியில் சொல்வார்கள். இங்கே அந்த வெயிலில் கரையில் நின்று ஒருவர் ஆவி பறக்க டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கதிர்மானியை முதலில் பெட்டிக்குள் பார்க்க வைத்தேன், பிறகு தண்ணீரை, பிறகு வானத்தை. ஒரு சின்ன மேகம் கிழக்கிலிருந்து வந்தது. "வந்துகினு கீது மேடம்" என்றார் எல்லப்பன் கவலையோடு, ஏதோ அவருடைய மேகம் போல. நல்லபடியாக அது மேடவாக்கம் பக்கம் ஒதுங்கியது. மணி பத்தரை. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் செயற்கைக்கோள் போனது. ஒரு கொக்குகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் கணக்கு வந்துவிட்டது. நான் அளந்ததைவிடச் செயற்கைக்கோள் அரை டிகிரி கூடுதலாகக் காட்டியிருந்தது. என் கட்டுரை சொன்னபடியே. பேராசிரியருக்கு அனுப்பினேன். "அற்புதம். இனி அவர்கள் வாயைத் திறக்க முடியாது" என்று பதில் வந்தது. எங்கள் பிரிவின் தலைமைப் பொறுப்பு அடுத்த மாதம் காலியாகிறது, அதற்கு உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று இரண்டாவது வரி.

"இன்னா சொல்லுது மிஷினு?" என்று கேட்டார் எல்லப்பன், வலையை உதறிக்கொண்டே.

"மேல இருக்கறது சொல்ற அளவுக்கு ஏரி சூடா இல்லன்னு சொல்லுதுண்ணா."

"அப்பிடியா?" அவர் ஏரியைப் பார்த்தார். "இந்த வருசம் மீனு செத்துச் செத்து மெதக்குது மேடம். அதுக்கு யார்னா சொன்னா தேவல, அவ்ளோ சூடு இல்லன்னு."

நசீர் பாய் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும், "மேடம், தப்பா நெனைக்காதீங்க. பெட்டிக்குள்ள இருக்கிற தெர்மாமீட்டர ஐஸ்ல வெச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

"அதுக்கு சர்டிபிகேட் இருக்கு பாய். பாருங்க, ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கு."

"சர்டிபிகேட் சரி மேடம். ஐஸ்ல வெச்சீங்களா?"

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போதும் நினைவிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

மறுநாள் டியூப் மறுபடி கசிந்தது. கடைக்குப் போனேன். பாய் ஒரு மருந்துக்கடையின் ஃப்ரிட்ஜைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு ஃபிளாஸ்கில் நொறுக்கிய ஐஸும் தண்ணீருமாகக் கலக்கி, அதில் தம்முடைய சின்ன வெப்பமானியை வைத்திருந்தார். "தடுப்பூசி எல்லாம் உள்ள இருக்கும் மேடம். நம்ம தெர்மாமீட்டர் பொய் சொல்லுதான்னு பாத்துக்காம போனா, அங்க போய் நான் பொய் சொல்லிடுவேன்."

உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி எங்கேயும் பூஜ்யம் டிகிரிதான். தாம்பரத்திலும் பூஜ்யம், டென்மார்க்கிலும் பூஜ்யம். எட்டாம் வகுப்பில் படித்தது. பிறகு மேலே மேலே படித்ததில் அது அடியில் போய்விட்டது. பாயின் திருப்திக்காக என் வெப்பமானியைப் பெட்டியிலிருந்து உருவி ஃபிளாஸ்குக்குள் விட்டேன். திரையில் எண் இறங்கியது. ஐந்து, இரண்டு, ஒன்று, பூஜ்யம். நிற்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரியில் போய் நின்றது.

"இந்த ஐஸ் எங்க வாங்கினது பாய்?"

"மீன் கடையில."

"உப்பு இருக்கும். உப்பு இருந்தா பூஜ்யத்துக்குக் கீழ போகும்" என்றேன். என் குரலில் இருந்த நிம்மதியை அவர் கவனித்திருப்பார். தம்முடைய வெப்பமானி அதே ஃபிளாஸ்கில் பூஜ்யம் காட்டுவதை அவர் எனக்குச் சுட்டிக்காட்டவில்லை. மரியாதை தெரிந்த மனிதர். "அப்போ இன்வர்ட்டருக்கு ஊத்துற பேட்டரி தண்ணிய வாங்கி உறைய வெப்போம் மேடம். அதுல உப்பு, கிப்பு ஒண்ணும் இருக்காது. நாளைக்குக் காலைல வாங்க."

காலையில் போனேன். பாயின் மனைவி எனக்காக இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் அனுப்பியிருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீரின் ஐஸைத் துணியில் கட்டிச் சுத்தியலால் நொறுக்கினோம். வெப்பமானியை வைத்தேன். பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரி. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். அதே இடம். இடியாப்பத்தைச் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை.

என் வெப்பமானி எல்லாவற்றையும் அரை டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பிய கதிர்மானியும் குறைத்துச் சொன்னது. கதிர்மானியை நம்பி நான் செயற்கைக்கோள் கூடுதலாகக் காட்டுகிறது என்று எழுதினேன்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். முதலில் அவர் ஐஸைப் பற்றித்தான் விசாரித்தார். "யார் செய்த ஐஸ்?" "ஓர் ஏசி மெக்கானிக்." "அவருக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" "வத்சலா மிஸ் அங்கீகரித்திருக்கிறார்" என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. பிறகு அவர் குரல் பிரகாசமானது.

"அந்த ஆட்டோ! பெட்டி கீழே விழுந்ததாகச் சொன்னாயே! அந்த அதிர்ச்சியில் வெப்பமானி கெட்டிருக்கிறது. ஆக, தாம்பரத்து அளவு மட்டும்தான் தப்பு. பழைய நான்கு வருட அளவுகளுக்கு ஒன்றும் இல்லை. கட்டுரை பத்திரம். அந்த ஆட்டோ ஓட்டுநருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அரை மணி நேரம் நியாயமாகவே பட்டது. பிறகு வெப்பமானியைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கும்போது அதன் தண்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த எண்ணையும் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. முதல் கோடைப் பயணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பழைய வெப்பமானி என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பொருத்தினேன். புதியதற்கு என்று தனியாகத் திருத்தங்களோடு சான்றிதழ் இருந்தது. திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று, கிளம்பும் அவசரத்தில் உடைந்ததன் ஸ்டிக்கரையே உரித்துப் பெட்டியின் மேல் அழகாக ஒட்டினேன். திங்கட்கிழமை நான் இத்தாலியில் இருந்தேன்.

ஆய்வகத்தில் இருந்த ஓர் உதவியாளரிடம், என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் ஒரு காகிதம் இருக்கும், படம் எடுத்து அனுப்பு என்றேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. படம் வந்தது. தண்டில் இருந்த அதே எண். கீழே, 'இந்த வெப்பமானி அரை டிகிரி குறைவாகக் காட்டும். கூட்டிக்கொள்ளவும்' என்ற பொருளில் ஒரு வரி. கையெழுத்து, முத்திரை. நான்கு ஆண்டுகளாக இழுப்பறையில் சரியான பதில் படுத்திருந்தது.

செயற்கைக்கோளின் அடுத்த கடப்புக்கு ஒரு வாரத்துக்கும் மேல் இருந்தது. அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று கேட்டால், நுங்கு சாப்பிட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்று தினமும் சாப்பிட்டேன். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதை ஒவ்வொரு நுங்கோடும் யோசித்தேன். பேராசிரியர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டுவிட்டார். உதவியாளருக்கு அந்தக் காகிதத்தின் அர்த்தம் தெரியாது. நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். அதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

நசீர் பாயிடம் மட்டும் சொன்னேன். ஏதாவது பெரியதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "அடடா" என்றார். ஒரு ஏசியின் ஃபில்டரைத் தட்டித் தூசியை உதறினார். "உங்கள இந்தக் கடையில பாத்துட்டு அந்த ஆட்டோக்காரன் நேத்து இந்தப் பக்கம் வந்தான் மேடம். உங்க மிஷின் என்னாச்சு, நம்மால ஏதும் போயிடுச்சான்னு கேட்டுட்டுப் போறான். என்ன சொல்லட்டும்?"

"அவர் மேல தப்பில்லன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"அது நான் நேத்தே சொல்லிட்டேன்" என்றார்.

இரண்டாவது கடப்பு நாள். அதே தெப்பம், அதே மூன்று பேர். இம்முறை கிளம்பும் முன்பும் ஐஸ், வந்த பின்பும் ஐஸ். அரை டிகிரியைக் கூட்டிக்கொண்டேன். மேகமில்லாத வானம். கரையோரம் வெள்ளை வெள்ளையாக நாலைந்து மீன்கள் மிதந்தன. எல்லப்பன் துடுப்பால் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தெப்பத்தைத் தள்ளினார். பத்தரைக்கு அளந்து முடித்து, கரையேறி, பாயிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு நான் மட்டும் மாடம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். செயற்கைக்கோளின் எண் போனில் வர வேண்டும். கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது வந்தது. என் எண்ணையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை என்றே சொல்லிவிடலாம். அந்தக் கண் இத்தனை வருடமாகச் சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஏரி அது சொன்ன அளவுக்குச் சூடாகத்தான் இருந்தது. என்னையறியாமல், "சரியா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி திரும்பினார். பிளஸ் டூ முடிவுகள் வந்திருந்த வாரம் அது. போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோரையும் ஊரே அப்படித்தான் பார்த்தது.

"ரிசல்ட்டா மேடம்?"

"ஆமாங்க."

"பாஸா?"

"அது பாஸ்" என்றேன். "நான் ஃபெயில்."

அவர் என் நரைத்த முடியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தனியாகப் படித்துத் தேர்வெழுதும் பெண் என்று நினைத்திருக்க வேண்டும். பையை மடியில் நகர்த்தி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். "அதுக்கு ஏன் முகத்த இப்படி வெச்சிருக்கீங்க? துணைத்தேர்வு இருக்குல்ல, எழுதிடுங்க" என்றார்.

அன்று மாலை வத்சலா மிஸ்ஸின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். பேராசிரியருக்கு, கருவியைச் செய்த குழுவுக்கு, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, மூவருக்கும் ஒரே கடிதம். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதும், தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனதும், பேராசிரியர் ஒரு மாதம் என்னிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாமல் இருந்ததும் பிறகு நடந்தவை. அன்றைய கடிதத்தில் ஆட்டோ இல்லை, பள்ளம் இல்லை. முதல் வரியே இப்படித்தான் இருந்தது: 'வெப்பமானியை உடைத்தவள் நான், வேறொன்றைப் பொருத்தி அதன் பெட்டியின் மேல் பழைய ஸ்டிக்கரை ஒட்டியவளும் நான்.'